பெங்களூரு கண்காட்சியா, பாரிமுனைக் கடையா, இணையமா: மரவேலைக் கருவியை எங்கே பார்ப்பது, எங்கே வாங்குவது?

பெங்களூருவில் நடக்கும் மரவேலைக் கண்காட்சியான இந்தியாவுட்டின் தேதி வெளியானதும் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பேச்சு கிளம்பிவிடும். மாடுலர் கிச்சன் செய்து கொடுப்பவரும் சரி, மொட்டைமாடிக் கொட்டகையில் சனி ஞாயிறு மட்டும் மரத்தோடு மல்லுக்கட்டுபவரும் சரி, கேட்பது ஒன்றைத்தான். பெங்களூரு வரை போய்ப் பார்த்து அங்கேயே வாங்குவதா, நம் ஊர்க் கடையில் வாங்குவதா, இல்லை போனிலேயே ஆர்டர் போட்டுவிடுவதா?

எல்லாருக்கும் பொதுவாக ஒரு பதில் இதற்குக் கிடையாது. ஒரே ஆளுக்குக்கூடக் கருவிக்குக் கருவி பதில் மாறும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரவேலையைத் தொழிலாகச் செய்பவர் கண்காட்சிக்கு ஒருமுறையாவது கட்டாயம் போய் வரவேண்டும். ஆனால் அங்கேயே பணத்தை எடுத்து நீட்ட வேண்டிய பொருட்கள் கொஞ்சம்தான்.

தெரியாதவர்களுக்காக: இந்தியாவுட் என்பது மரவேலை இயந்திரங்கள், வெட்டுக் கருவிகள், பசை, லேமினேட், கீல், டிராயர் சேனல் என்று அறைகலன் தொழிலுக்கு வேண்டிய எல்லாவற்றுக்குமான வணிகக் கண்காட்சி. நியூரம்பர்க் மெஸ்ஸே என்ற ஜெர்மன் கண்காட்சி நிறுவனத்தின் இந்தியக் கிளை நடத்துகிறது. வழக்கமாக இரட்டைப்படை ஆண்டுகளில் பெங்களூரு துமகூரு சாலையில் இருக்கும் சர்வதேசக் கண்காட்சி மையத்தில் நடக்கும். ஒற்றைப்படை ஆண்டுகளில் அதன் தங்கையான டெல்லிவுட், கிரேட்டர் நொய்டாவில். 2022-இல் கொரோனாவால் ஜூனுக்குத் தள்ளிப்போனது. 2024-இல் பிப்ரவரி 22 முதல் 26 வரை நடந்தது. சென்னையில் நடக்கும் ஆக்மி, கோவை கொடிசியாவில் நடக்கும் இன்டெக் இரண்டும் பெரிய கண்காட்சிகள்தான். ஆனால் அவை பெரும்பாலும் இரும்பு வேலைக்காரர்களுக்கு. மரத்துக்கென்று தென்னிந்தியாவில் பெரிதாக இருப்பது பெங்களூருதான்.

## எதை வைத்து எடைபோடுவது

விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் எப்போதும் இணையம்தான் மலிவாகத் தெரியும். ஐந்து விஷயங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

முதலாவது, அந்தக் கருவியின் தரம் கையில் பிடித்தால்தான் தெரியுமா, காகிதத்தில் இருக்கும் விவரமே போதுமா? 18 வோல்ட் டிரில் மாடல் எண்ணைச் சொன்னால் எந்தக் கடையில் வாங்கினாலும் ஒன்றுதான். இழைப்புளி அப்படியில்லை. ஒரே கம்பெனி, ஒரே எண், ஒரே அட்டைப்பெட்டி. உள்ளே இருக்கும் இரண்டு இழைப்புளிகளில் ஒன்றின் அடித்தளம் நேராக இருக்கும், மற்றது நடுவில் குழிந்திருக்கும்.

இரண்டாவது, பட்டறை வாசல் விலை. பில்லில் இருக்கும் தொகையோடு லாரி வாடகை, இறக்குகூலி, பொருத்துவதற்கு வரும் ஆளின் செலவு, நீங்கள் போய்வந்த செலவு, வேலை நின்ற நாளின் இழப்பு எல்லாம் சேர்த்த கணக்கு.

மூன்றாவது, பழுதானால் யார் வருவார்? நான்காவது, சரியில்லை என்றால் மாற்றித் தருவார்களா? ஐந்தாவது, நிதானமாக யோசித்து முடிவெடுக்க அவகாசம் இருக்கிறதா? இந்த ஐந்தாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெரிய இயந்திரம் வாங்கி வருந்துகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

| | கண்காட்சி | ஊர்க் கடை | இணையம் | பழைய சாமான் |
|---|---|---|---|---|
| ஓட்டிப் பார்க்க | மிக நன்று. பல கம்பெனி ஒரே கூரையில் | கையில் பிடிக்கலாம். ஓட்டிப் பார்ப்பது கடையைப் பொறுத்தது | வழியில்லை | ஓடும் நிலையில் இருந்தால் உண்டு |
| பில் விலை | இயந்திரத்துக்குப் பேரம் பேசலாம் | நடுத்தரம். பழகினால் குறையும் | பெரும்பாலும் குறைவு | மிகக் குறைவு |
| மறைந்த செலவு | பயணம், லாரி, வரி வரவு | குறைவு | திருப்பி அனுப்பும் பாடு, போலி | ரிப்பேர், உதிரிபாகம் |
| சர்வீஸ் | டீலர் யார் என்பதைப் பொறுத்தது | நேரில் போய்க் கேட்கலாம் | சர்வீஸ் சென்டரை நீங்களே தேடவேண்டும் | கிடையாது |
| மாற்றுவது | கடினம் | எளிது | சில நாட்கள் வரை | கிடையாது |
| அவகாசம் | நெருக்கடி அதிகம் | வேண்டிய அளவு | வேண்டிய அளவு | மற்றொருவர் முந்திக்கொள்வார் |

## கண்காட்சி: பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை

முதலில் ஓர் எச்சரிக்கை. உளி, இழைப்புளி, கைரம்பம் பார்க்கும் ஆசையில் போகிறவர்களுக்கு இந்தியாவுட் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். அரங்குகளை நிறைத்திருப்பவை சிஎன்சி ரவுட்டர் (கணினி சொன்னபடி குடைந்து வெட்டுவது), எட்ஜ் பேண்டர் (பலகை ஓரத்தில் டேப் ஒட்டுவது), பேனல் சா (பெரிய பலகையை அறுப்பது), போரிங் மெஷின் (துளையிடுவது) வகையறாக்கள். ஹோமாக், பியெஸ்ஸே, எஸ்சிஎம், ஃபெல்டர் போன்ற ஐரோப்பியப் பெயர்களும், சீனாவிலிருந்து வரவழைத்து நம் ஊர்ப் பெயர் ஒட்டிய இயந்திரங்களும் பக்கத்துப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கைக்கருவி ஸ்டால்கள் நடுநடுவே தேடினால்தான் கிடைக்கும்.

அந்தப் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவதுதான் கண்காட்சியின் முழுப்பலன். காலையில் ஒரு ஸ்லைடிங் டேபிள் சாவின் (பலகையை வண்டியில் வைத்துத் தள்ளி அறுக்கும் மேசை ரம்பம்) வண்டியைத் தள்ளிப் பார்த்த கை, அரைமணி நேரத்தில் அதன் பாதி விலைக்கு விற்கும் இன்னொன்றையும் தள்ளிப் பார்க்கலாம். விலை வித்தியாசம் எங்கே போகிறது என்று அந்தக் கைக்கே தெரிந்துவிடும். தண்டவாளத்தின் கடைசி ஓரத்தில் வண்டி லேசாகத் தொங்குகிறதா, ஃபென்ஸை (பலகையை அணைத்துத் தள்ளும் தடுப்புச் சட்டம்) இறுக்கிவிட்டுப் பின்முனையைத் தள்ளினால் அசைகிறதா, தகட்டைச் சாய்க்கும் சக்கரத்தைத் திருப்பும்போது சும்மா சுற்றும் இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் எந்த வீடியோவிலும் தெரியாது.

போகிறவர் கட்டாயம் எடுத்துப்போக வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் பட்டறையில் நீங்கள் வெட்டும் அதே பலகை. இரண்டு பக்கமும் லேமினேட் ஒட்டிய 18 மி.மீ. பிளைவுட்டில் ஒன்றரை அடித் துண்டுகள் நான்கைந்து போதும். பையிலேயே எடுத்துப்போகலாம். ஸ்டால்களில் வெட்டிக் காட்டுவதற்கு அவர்கள் வைத்திருப்பது எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) அல்லது முன்பே லேமினேட் ஒட்டி வரும் பிரீலேமினேட் பலகை. அது எந்தத் தகட்டிலும் வெண்ணெய்போல வெட்டும். உங்கள் துண்டைக் கொடுத்து, "சார், இதுல ஒரு கட் போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். வெட்டியதும் மேல்பக்கத்தைக் காட்டுவார்கள். நீங்கள் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். டேபிள் சாவில் பல் மேலிருந்து கீழே இறங்கி வெட்டுவதால் லேமினேட் பெயர்வது அடியில்தான். ஸ்கோரிங் பிளேடு (முன்னால் லேசாகக் கீறிவிடும் சின்னத் தகடு) சரியாக அமைக்கப்பட்டிருந்தால் அடிப்பக்க ஓரமும் நகத்தால் தடவினால் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். அரை மி.மீ. பெயர்ந்திருந்தால்கூட நகம் அந்த இடத்தில் நிற்கும்.

எட்ஜ் பேண்டருக்கு இது இன்னும் முக்கியம். 18 மி.மீ. என்று நாம் வாங்கும் பிளைவுட் ஒரே ஷீட்டிலேயே ஏறி இறங்கும். ஒரே கனத்தில் இருக்கும் எம்டிஎஃப்பில் அழகாகச் சீவும் டிரிம்மிங் யூனிட், நம் பிளைவுட்டில் ஒரு பக்கம் டேப்பை விட்டுவைத்து மறுபக்கம் லேமினேட்டைச் சுரண்டிவிடும். உங்கள் துண்டு உள்ளே போய் வெளியே வரும்வரை ஆர்டர் பேச்சை எடுக்காதீர்கள். தேக்கு, வேங்கை வேலை செய்பவர் அந்த மரத்திலேயே ஒரு துண்டு கொண்டுபோகலாம். தேக்கில் சிலிக்கா இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கும். தேக்குக்கு எந்த வகைப் பல், எத்தனை பல் என்று லைட்ஸ் போன்ற தகடு செய்யும் கம்பெனியின் பொறியாளரிடமே கேட்கும் வாய்ப்பு ஊரில் கிடைக்காது.

தூசி உறிஞ்சியையும் அங்கேதான் பார்க்கவேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என உறுதியானவற்றின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. நம் பட்டறைகளில் இன்னமும் மூக்கில் ஒரு துண்டைக்கூடக் கட்டாமல் எம்டிஎஃப் வெட்டுகிறார்கள். பத்து இயந்திரம் ஓடும் அரங்கில், எந்த ஸ்டால் தரையில் தூள் இல்லை என்று பார்த்துக்கொண்டே நடங்கள். அங்கே நின்று குழாயின் விட்டம், மோட்டார், பை வகை எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

### மறைந்த செலவுகள்

பயணக் கணக்கு முதலில். கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ பெங்களூருக்குச் சுமார் 350 கி.மீ. போய்வர, ஓரிரவு தங்க, சாப்பிட 4,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர்க் கடையைவிடக் கண்காட்சியில் 8 சதவீதம் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்றால், 50,000 ரூபாய்க்கு வாங்கினால்தான் பயணச் செலவே ஈடாகும். பட்டறையிலிருந்து இரண்டு பேர் போனால் ஒரு லட்சம். 15,000 ரூபாய் ரவுட்டருக்காகப் போகிறவர், தள்ளுபடியை எண்ணிப் போகக்கூடாது. பார்த்துக் கற்றுக்கொள்வதற்காகப் போகிறோம் என்று தெளிவாக இருந்தால் அந்த 4,000 கொடுக்கத் தகும்.

அடுத்தது வரி. கருவிகளுக்கும் இயந்திரங்களுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி எண் வைத்திருப்பவர் பெங்களூரு ஸ்டாலில் பொருளைக் கையில் வாங்கும்போது, கர்நாடகத்தின் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பில் போட்டுவிட்டால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக, அதாவது நீங்கள் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுக்க முடியாது. 50,000 ரூபாய்ப் பொருளில் 9,000 ரூபாய் அப்படியே போய்விடும். 8 சதவீதத் தள்ளுபடி மிச்சப்படுத்தியது 4,000-தான். உங்கள் ஜிஎஸ்டி எண்ணையும் பட்டறை முகவரியையும் கொடுத்து, தமிழ்நாட்டுக்கு அனுப்பும்படி ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி) பில் கேளுங்கள். சரக்கு மதிப்பு 50,000-ஐத் தாண்டினால் இ-வே பில்லும் (சரக்கு கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டு) வேண்டும், சொந்தக் காரில் ஏற்றி வந்தாலும். ஜிஎஸ்டி எண் இல்லாதவருக்கு இந்த வரவுச் சிக்கல் கிடையாது.

மூன்றாவது, கொட்டேஷனில் இல்லாதவை. எட்ஜ் பேண்டர் வாங்கினால் கம்ப்ரசர் வேண்டும், தூசி உறிஞ்சி வேண்டும், த்ரீ பேஸ் இணைப்பு வேண்டும். இயந்திரத்தை லாரியிலிருந்து இறக்கக் கிரேன் வேண்டும். பட்டறைக்குப் போகும் சந்தில் லாரி நுழையுமா என்பதையும் யோசிக்கவேண்டும். உத்தரவாதம் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று கேளுங்கள். அனுப்பிய நாளிலிருந்து என்றால், மின் இணைப்பு வரும்வரை மூலையில் கிடக்கும் மாதங்களும் அதில் கழிந்துவிடும். பொருத்தி ஓட்டிக் காட்டிய நாளிலிருந்து என்று எழுதி வாங்குங்கள்.

நான்காவது, நெருக்கடி. "இந்த ரேட் இன்னைக்கு மட்டும்தான்" என்பார்கள். சுற்றிலும் பேண்டு சத்தம் மாதிரி இயந்திரச் சத்தம், பக்கத்தில் இன்னொருவர் அட்வான்ஸ் கொடுத்துக்கொண்டிருப்பார். கண்காட்சி விலையையே மாடல் எண், மோட்டார், பேஸ், உதிரிகள், வாடகையோடு எழுதி, இரண்டு வாரம் செல்லும் என்று கொட்டேஷன் கேளுங்கள். விற்க வந்தவர்கள் பெரும்பாலும் தருவார்கள். தர மறுப்பவரிடம் பெரிய இயந்திரம் வாங்காமல் இருப்பது நல்லது. நாளைக்கு சர்வீஸுக்கும் அவரிடம்தான் பேசவேண்டும்.

கடைசி நாளில் டெமோ இயந்திரத்தைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவது வழக்கம். திரும்ப ஏற்றிப்போகும் செலவு அவர்களுக்கு மிச்சம். இந்தக் கண்காட்சியில் மட்டும் ஓடிய இயந்திரம் என்றால் தாராளமாக வாங்கலாம். அதற்கு முன் வேறு கண்காட்சிகளிலும் ஓடியதா என்று வரிசை எண்ணை வைத்துக் கேளுங்கள். கூட வரவேண்டிய ஃபென்ஸ், சாவிகள், கையேடு எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே எண்ணிப் பாருங்கள். புது இயந்திரத்துக்கான உத்தரவாதமே இதற்கும் உண்டு என்று பில்லில் எழுத வையுங்கள்.

### கண்காட்சியே சரியான இடம் ஆகும் சந்தர்ப்பம்

இரண்டு லட்சத்துக்கு மேல் போகும் இயந்திரம் ஒன்றை அடுத்த ஆறு மாதத்தில் வாங்கப்போகிறீர்கள். அல்லது கைவேலையிலிருந்து பேனல் வேலைக்கு, அதாவது பிளைவுட், எம்டிஎஃப் பலகை வேலைக்கு, மாறப்போகிறீர்கள். அல்லது ஊரில் கிடைக்காத தகடு, ரவுட்டர் பிட், கிளாம்ப் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று பொருந்தினால் போங்கள். தகடும் பிட்டும் கையில் எடுத்துவரக் கூடியவை, சர்வீஸ் தேவைப்படாதவை, கார்பைட் பல்லின் கனத்தையும் பல்லைப் பற்றவைத்த நேர்த்தியையும் கண்ணாலேயே பார்த்து வாங்கக்கூடியவை. நான் அங்கே பணம் கொடுத்து வாங்கச் சொல்வது இவற்றைத்தான்.

போகும் வழி இப்போது எளிதாகிவிட்டது. 2024 நவம்பரில் மெட்ரோவின் பச்சைத் தடம் நாகசந்திராவிலிருந்து மாதாவரா வரை நீண்டது. மாதாவரா நிலையம் கண்காட்சி மையத்தை ஒட்டியே இருக்கிறது. மெஜஸ்டிக்கில் ஏறினால் மாறாமல் போகலாம். அதே தடத்தில் மறுதிசையில் கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கினால் எஸ்ஜேபி சாலையின் ஹார்டுவேர், கருவிக் கடைகள் நடக்கும் தூரம். ஸ்டாலில் சொன்ன விலை நியாயமா என்று அன்று மாலையே அங்கே விசாரித்துவிடலாம். முதல் நாள் பார்க்க, இரண்டாம் நாள் பேச என்று வைத்துக்கொண்டால் இது கச்சிதமாகப் பொருந்தும்.

## ஊர்க் கடை: சர்வீஸ் வேண்டிய எல்லாவற்றுக்கும்

சென்னையில் பாரிமுனையின் லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு. மற்ற ஊர்களில் பெயர் வேறு. ஆனால் கருவிக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு எல்லா ஊரிலும் ஒன்று உண்டு.

அன்றாடம் ஓடும் மின்கருவிகளுக்கு நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். சைட்டில் வேலை செய்யும் தச்சருக்குக் கையிலிருக்கும் கட்டர் நின்றால் அன்றைய கூலி போச்சு. கார்பன் பிரஷ் தேய்ந்தால் பத்து நிமிடத்தில் வாங்கி மாட்டவேண்டும். ஆர்மேச்சர் போனால் காயில் கட்டும் ஆள் அடுத்த சந்தில் இருக்கவேண்டும். அந்த மாடலுக்கு உதிரி கிடைக்குமா என்பதைக் கடைக்காரரைவிட அந்தக் காயில் கட்டும் ஆளிடம் கேட்பது நல்லது. எந்தக் கம்பெனிப் பொருள் அடிக்கடி அவரிடம் வருகிறது, எது வந்தால் உதிரி கிடைக்காமல் மாதக்கணக்கில் கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

கைக்கருவியையும் கடையில்தான் பார்த்து வாங்கவேண்டும். லூதியானா, ஜலந்தரில் செய்யும் இழைப்புளிகளும் உளிகளும் விலைக்கு நல்ல பொருட்கள். ஆனால் துண்டுக்குத் துண்டு வித்தியாசம் உண்டு. ஒரு ஸ்டீல் ஸ்கேலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். இழைப்புளியின் அடியில் ஸ்கேலின் விளிம்பை நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். முன்முனை, வாய்க்கு முன்னால், பின்முனை மூன்று இடமும் தொட்டால் போதும். நடுவில் மெல்லிய கீற்று தெரிந்தால் உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்யலாம். வாய் ஓரமே பள்ளமாக இருந்தால் அதை வைத்துவிட்டு அடுத்த பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.

மூலைமட்டத்துக்கு இன்னும் எளிய சோதனை. கடையிலேயே நேரான ஓரமுள்ள பலகைத் துண்டு ஒன்று கேளுங்கள். மட்டத்தை ஓரத்தில் அணைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. மேலே போகப் போக விரிந்தால், அந்த விரிவில் பாதி மட்டத்தின் பிழை. இப்படிச் சோதித்து வாங்குபவரைப் பார்த்து நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த முறை போகும்போது உள்ளே இருந்து நல்ல சரக்கை எடுத்து வைப்பார்.

குறைகளும் உண்டு. கடையில் இருப்பதைத்தான் நம் தலையில் கட்டுவார்கள்; எதில் லாபம் அதிகமோ அதையே நல்லது என்பார்கள். புகழ்பெற்ற பெயர்களில் போலி நிறையப் புழங்குகிறது, முக்கியமாகத் தகடுகளிலும் கிரைண்டர்களிலும். பில் வேண்டாம் என்றால் விலை குறையும் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பில் இல்லாத பொருளுக்கு உத்தரவாதம் இல்லை. சில கம்பெனிகள் வாங்கிய சில வாரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்தால்தான் முழு உத்தரவாதம் தருகிறார்கள். அதற்கும் பில் வேண்டும்.

ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். கடையில் அரைமணி நேரம் எல்லாப் பெட்டியையும் திறக்கவைத்துப் பார்த்துவிட்டு, வாசலில் நின்று இணையத்தில் ஆர்டர் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இருநூறு முந்நூறு ரூபாய் வித்தியாசம் என்றால் அந்தக் கடையிலேயே வாங்குங்கள். அதற்கு மேல் என்றால் இணைய விலையைக் காட்டி நேராகக் கேளுங்கள். பலர் இறங்கி வருவார்கள். அந்தத் தெருவில் கடைகள் மூடினால், அவசரத்துக்குக் கார்பன் பிரஷ் வாங்கவும் நமக்கு இடம் இருக்காது.

## இணையம்: அளவு தெரிந்தவருக்கு

காகித விவரம் போதும் என்கிற பொருட்களுக்கு இணையம் நன்று. முன்பே பயன்படுத்தித் தெரிந்த டிரில் மாடல், உப்புத்தாள், பிட், ஸ்குரூ, அளவுநாடா. ஊரில் கிடைக்கவே கிடைக்காத இழுத்து அறுக்கும் ஜப்பானிய ரம்பம், குறியிடும் கத்தி போன்றவற்றுக்குச் சிற்றூரில் இருப்பவருக்கு வேறு வழியும் இல்லை.

இங்கே அளவு தெரியாமல் வாங்கினால் பணம் மட்டுமல்ல, விரலும் போகும். ரவுட்டர் பிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. சந்தையில் 6 மி.மீ. தண்டுள்ள பிட்டும் உண்டு. கால் அங்குலக் காலெட்டில் (பிட்டின் தண்டைப் பிடிக்கும் பாகம்) 6 மி.மீ. பிட்டைப் போட்டு முறுக்கினால் இறுகியதுபோலத்தான் இருக்கும். நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும்போது மெல்ல நழுவி வெளியே வரும். 12 மி.மீ., அரை அங்குலமான 12.7 மி.மீ. ஜோடியிலும் இதே ஆபத்து. விற்பனைப் பக்கத்தில் "6 மி.மீ. (கால் அங்குலம்)" என்று இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தால் அதை வாங்காதீர்கள்.

ரம்பத் தகட்டின் நடுத்துளையும் அப்படித்தான். ஐரோப்பிய இயந்திரங்களுக்கு 30 மி.மீ., இங்கே புழங்கும் பலவற்றில் 25.4 மி.மீ. பெரிய துளைத் தகட்டைச் சிறிய தண்டில் வளையம் வைத்துப் பொருத்தலாம், மறுதலை முடியாது. தகட்டில் அச்சிட்டிருக்கும் உச்சச் சுற்று உங்கள் இயந்திரத்தின் சுற்றைவிட அதிகமா என்றும் பாருங்கள்.

வெளிநாட்டு விற்பனையாளர் மூலம் வரும் சில மின்கருவிகள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றே புகைந்துவிடும். டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் இங்கே உத்தரவாதம் செல்லாது. பேட்டரிக் கருவிகளில் கண்ணைப் பறிக்கும் விலை பெரும்பாலும் வெறும் கருவிக்கானது. பேட்டரியும் சார்ஜரும் தனி; இரண்டு பேட்டரியும் சார்ஜரும் சேர்த்தால் சில கருவிகளில் விலை இரட்டிப்பாகும்.

கனமான வார்ப்பிரும்பு இயந்திரத்தை இணையத்தில் வாங்கவே வேண்டாம். வழியில் மேசை விரிசல் விட்டு வந்தால், ஐம்பது கிலோப் பெட்டியைத் திரும்பக் கட்டி, கூரியர்காரருக்காகக் காத்திருக்கும் பாடு பெரும்பாடு.

## பழைய சாமான்

மூடப்படும் பட்டறைகளிலிருந்து வரும் பேண்ட் சா (பட்டை ரம்பம்), திக்னஸ் பிளேனர் (பலகையை ஒரே கனத்துக்குச் சீவுவது) போன்ற கனமான வார்ப்பிரும்பு இயந்திரங்கள் பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கும். சட்டகம் ஆயுளுக்கும் உழைக்கும். பேரிங், பெல்ட், மோட்டார் மாற்றினால் புதிதுபோல ஓடும். வார்ப்பில் வெல்டிங் தழும்பு இருந்தால் மட்டும் திரும்பிவிடுங்கள். மோட்டார் த்ரீ பேஸா என்பதையும் முதலிலேயே கேளுங்கள். 3 எச்பி மோட்டாரைச் சிங்கிள் பேஸில் மாற்றிப் போட்டால் ஓடும்போதே 15 ஆம்பியர் பக்கம் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு. வீட்டு இணைப்பு தாங்காது. இயந்திரத்தின் மூட்டுகளைப் பிரித்து மாட்டத் தெரிந்தவருக்கே இந்த வழி.

## யாருக்கு எது

பொழுதுபோக்காகத் தொடங்கி, கையில் 30,000 ரூபாய் வைத்திருப்பவர்: ஊர்க் கடையில் உளி, இழைப்புளி, மூலைமட்டம், ரம்பம், சாணைக்கல். மின்கருவி ஒன்றிரண்டு, அதுவும் அங்கேயே. மிச்சத்தில் நல்ல மரம் வாங்குங்கள். கண்காட்சிக்கு இந்த ஆண்டு போகவேண்டிய அவசியம் இல்லை. ஆசையாக இருந்தால் போங்கள். பணத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இது வணிகப் பார்வையாளருக்கானது என்பதால் முன்பதிவு விவரங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைட் வேலை செய்யும் தச்சர்: ஊர்க் கடை, ஊர்க் கடை, ஊர்க் கடை. உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் உள்ள ஒரே கம்பெனியின் பேட்டரிக் குடும்பத்தில் எல்லாக் கருவியையும் வாங்கினால் பேட்டரிச் செலவு பெருமளவு குறையும். தகட்டை மட்டும் கண்காட்சிக்குப் போகும் நண்பரிடம் சொல்லி வாங்கலாம். துளை அளவை எழுதிக் கொடுங்கள்.

திட மரத்தில் நாற்காலி, கதவு செய்யும் சிறு பட்டறை: பழைய பேண்ட் சா, பழைய பிளேனர் தேடுங்கள். புது மேசை ரம்பத்துக்குக் கண்காட்சியில் ஓட்டிப் பார்த்து, ஊர் டீலரிடம் வாங்குங்கள். ரைவிங் நைஃப் இல்லாத மேசை ரம்பத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். வெட்டிய மரம் தகட்டை நெரித்து நம்மேல் எகிறுவதைத் தடுக்கும் பாகம் அது.

பேனல் வேலை செய்யும் மாடுலர் பட்டறை: இரண்டு நாள் ஒதுக்கிக் கண்காட்சிக்குப் போங்கள், இயந்திரத்தை ஓட்டப்போகும் ஆளையும் கூட்டிக்கொண்டு. முதலாளி விலையைப் பார்ப்பார். ஓட்டுபவர் எங்கே கை மாட்டும், எங்கே குனியவேண்டும் என்று பார்ப்பார். மூன்று கம்பெனியிடம் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன், அதே மாடலை உங்கள் மாவட்டத்தில் ஏற்கெனவே வாங்கிய பட்டறைகளின் பெயரை டீலரிடம் கேளுங்கள். கண்காட்சியைத் தவறவிட்டவருக்கும் இதுவே வழி. டீலரை விட்டுவிட்டுத் தனியாக அந்தப் பட்டறைக்குப் போய், இயந்திரம் ஓடும்போது நின்று பாருங்கள். முதலாளியிடம் கேட்க வேண்டியது இரண்டு கேள்விதான்: கடைசியாக எப்போது பழுதானது, போன் போட்டு எத்தனையாவது நாள் சர்வீஸ் ஆள் வந்தார்?